மே மாதத்து நோட்டு

"இந்த வெயில்ல முயலா? புத்தி கெட்டுப் போச்சா உனக்கு?"

முயல் வளர்க்கப் போகிறேன் என்று நீ வாய் திறந்த அன்றைக்கு இதைக் கேட்காதவர் யார்? மாமனார் கேட்டார். டீக்கடையில் கேட்டார்கள். சொந்த அண்ணனே கேட்டுவிட்டுச் சிரித்தான். கரூரிலும் வேலூரிலும் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் என்று தெரிந்தும் ஒருவன் முயலைக் கூண்டில் வைக்கிறான் என்றால் ஊர் சிரிக்கத்தான் செய்யும். சிரிக்கட்டும். நடக்காத காரியத்துக்கு 'முயற்கொம்பு' என்று பெயர் வைத்த அதே தமிழில்தான், 'முயல்' என்றால் 'முயன்று பார்' என்றும் பொருள். இரண்டில் எதை நீ காதில் போட்டுக்கொண்டாய்?

முதலில் என் தோல்வியைச் சொல்லிவிடுகிறேன். ஜெயித்தவன் மாதிரி மேடையேறிப் பேச எனக்கு அருகதை இல்லை. 7 பெண், 3 ஆண் சேர்ந்தால் ஒரு யூனிட் என்று விற்பார்கள். அப்படி இரண்டு யூனிட் வாங்கினேன். குட்டிகளை நானே திரும்ப எடுத்துக்கொள்கிறேன் என்று விற்றவர் பத்திரத்தில் எழுதிக் கொடுத்தார். மூன்றாம் மாதம் அவர் போன் எடுப்பதை நிறுத்தினார். ஈமு கோழி காலத்திலிருந்து நம் ஊர் பார்த்து வருகிற கதைதான், அதை விடு. கொட்டகைக்கு ஓலை வேயச் சொன்னாள் அம்மா. பண்ணை என்றால் பார்வையாக இருக்க வேண்டாமா என்று நான் தகரம் போட்டேன்.

கத்திரி பிறந்து எட்டாம் நாள். மதியம் இரண்டரைக்குத் தண்ணீர் வைக்கப் போனேன். முயல் சாதாரணமாகக் கத்தாதுதான். ஆனால் அது காலை மாற்றி வைக்கிற சத்தம், கம்பியைப் பல்லால் கடிக்கிற சத்தம், தீவனத் தட்டு உருளுகிற சத்தம் என்று கொட்டகைக்குள் எப்போதும் ஏதாவது கேட்டுக்கொண்டிருக்கும். அன்றைக்கு ஒன்றுமே இல்லை. முதல் வரிசையில் பெரிய வெள்ளை, நாலே கால் கிலோ, கூண்டுத் தரையில் நீட்டிப் படுத்திருந்தது. மூக்கைச் சுற்றி நனைந்திருந்தது. வாயைத் திறந்து மூச்சு வாங்கியது. காதைத் தொட்டேன், வெயிலில் கிடந்த கரண்டியைத் தொட்டது போலச் சுட்டது. கையில் எடுத்ததும் தலை தொங்கிவிட்டது. பொழுது சாய்வதற்குள் ஆறு போயின. ஆறும் நான் தேடித் தேடிக் கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பெரிய உருப்படிகள்.

கடைசி வரிசை மூலையில் ஒரு சாம்பல் நிறத் தாய். எண்ணிக்கையைச் சரிக்கட்ட விற்றவர் என் தலையில் கட்டிய முயல். மூன்று கிலோகூட இராது. இரண்டு காதையும் பக்கத்துக்கு ஒன்றாக விரித்துப் போட்டுக்கொண்டு வேலிமசால் தண்டை நறுக் நறுக்கென்று கடித்துக்கொண்டிருந்தது. பெட்டிக்குள் பதினோரு நாள் குட்டிகள் ஏழும் உயிரோடு இருந்தன. அதே தகரம், அதே மதியம், அதே தண்ணீர்.

அடுத்த வாரம் அந்தச் சாம்பலை விற்றேன். உருவம் இல்லையே என்று, கறிக்கு.

ஆறு செத்ததற்காக நான் இப்போது அழுவதில்லை தம்பி. அந்த ஒன்றை விற்றேனே, அதற்குத்தான் இன்றைக்கும் என் வயிறு எரிகிறது. விடையைக் கையில் கொடுத்த வெயிலைத் திட்டிவிட்டு, விடைத்தாளை எடைக்குப் போட்டவன் நான். நீயும் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறாயா?

உன் கூண்டுக்குள் என்ன நடக்கிறது என்று முதலில் தெரிந்துகொள். முயலுக்கு நம்மைப் போல வியர்த்துக் கொட்டாது. அதன் உடம்புச் சூடு 38.5 முதல் 39.5 டிகிரிக்குள் நிற்க வேண்டும். அதற்கு இதமான காற்று 20 டிகிரியை ஒட்டியது. 30ஐத் தாண்டினால் திணறும். 35ஐத் தாண்டினால் உடம்பைத் தன் கட்டுக்குள் வைக்க முடியாமல் தோற்கத் தொடங்கும். சூட்டை வெளியே தள்ள அதற்கு இருக்கிற முக்கியமான வழி இரண்டு: மூச்சு, காது. காதில் ஓடும் ரத்தக்குழாய்கள் விரிந்து, உடம்புச் சூட்டைக் காற்றில் கொட்டும். அமெரிக்கப் பாலைவனத்து முயல்களுக்குக் காது நீண்டு நிற்பதும், வடதுருவத்து முயலுக்குக் காது குட்டையாக இருப்பதும் அழகுக்காக வந்தவை என்று நினைத்தாயா?

உருவமும் அப்படித்தான். குண்டானில் இருக்கிற சோறு மத்தியானம் வரை சுடும். தட்டில் பரப்பிய சோறு நாலு நிமிடத்தில் ஆறிவிடும். பெரிய உடம்பு குண்டான், சின்ன உடம்பு தட்டு. எடைக்கு எடை பார்த்தால் சின்ன முயலுக்குத் தோல் பரப்பு அதிகம். என் பெரிய வெள்ளைகள் முதலில் விழுந்த காரணம் இதுதான். நான்தான் பெருமையாக எடைத் தட்டில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

கடலோரத்தில் இருப்பவர்கள் "எங்களுக்கு 40 எல்லாம் வராது" என்று மீசையை முறுக்க வேண்டாம். எகிப்தின் ஸகாசிக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மராய் என்ற பேராசிரியரும் அவர் கூட்டாளிகளும் 2001இல் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் சேர்த்து முயலுக்கென்றே ஒரு கணக்கு கொடுத்தார்கள். அந்தக் கணக்கில் 27.8க்குக் கீழே இருந்தால் முயலுக்குத் தொல்லை இல்லை. 30ஐத் தொட்டால் மிகக் கடுமையான வேதனை. வெப்பம் 32 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்று போட்டுப் பார், 30.4 வருகிறது. சென்னையில் அது ஒரு சாதாரண நாள். புழுக்கமும் கொல்லும்.

இனி ஆண் முயலுக்கு வா. இங்கேதான் நம் ஆட்கள் பாதிப்பேர் ஏமாறுகிறார்கள். ஜூலையில் மழைக்காற்று அடிக்கும், கொட்டகை குளிர்ந்திருக்கும், சேர்த்த தாயெல்லாம் சினை நிற்காது. "தாய் சரியில்லை" என்று ஒவ்வொன்றாகச் சந்தைக்கு ஏற்றுவார்கள். விந்தணு உருவாகி வெளியே வர ஏறத்தாழ ஏழு வாரம் ஆகிறது. மே மாதத்தில் வெந்துபோனது ஜூலையில்தான் கையில் கிடைக்கும். குற்றவாளி ஆண், தண்டனை பெண்ணுக்கு! (இது முயலுக்கு மட்டும் நடக்கிற அநியாயமா என்ன?) இதைச் சொன்னால் "என் ஆண் முயல் அப்பேர்ப்பட்ட கம்பெனி முயல்" என்று சண்டைக்கு வருவார்கள். நான் பிடிச்ச முயலுக்கு மூணே கால் என்று நிற்கிறவர்களை நோட்டு ஒன்றுதான் திருத்தும்.

ஆம், நோட்டு. நாற்பது பக்க நோட்டு, ஒரு பேனா. ஆய்வுக்கூடம் கேட்கவில்லை, கம்ப்யூட்டர் கேட்கவில்லை. கூண்டுக்கு ஒரு எண் எழுது. கத்திரி வெயிலில் மதியம் இரண்டரைக்கு ஒவ்வொரு கூண்டுக்கும் முன்னால் ஒரு நிமிடம் நின்று விலா எத்தனை முறை ஏறி இறங்குகிறது என்று எண்ணு. அமைதியாக இருக்கும் முயல் நிமிடத்துக்கு 30 முதல் 60 தடவை மூச்சு விடும். வெயிலில் அது நூறைத் தாண்டி எங்கோ போகும். எது எவ்வளவு போனது என்று எழுது. ராத்திரி போட்ட தீவனத்தில் காலையில் மிச்சம் எவ்வளவு? மே மாதத்தில் சேர்த்த தாய் முதல் தடவையே சினை பிடித்ததா, மூன்று தடவை ஆனதா? எத்தனை குட்டி போட்டது, எத்தனையைப் பால் மறக்கடித்துப் பிரித்து எடுத்தாய்? பிரித்த குட்டி எழுபதாம் நாளில் எத்தனை கிராம்? தகப்பன் எண் என்ன? தகப்பன் எண் எழுதாத நோட்டைக் கிழித்து அடுப்பில் போடு. பத்துத் தாய்க்கு ஒரு ஆண் என்று வைக்கிறோம், அதில் தப்பினால் பத்திலும் தப்பினாய்.

ஒரு பொறி இருக்கிறது, கவனி. மூச்சு குறைவாக இருக்கிறது என்பதற்காக ஒரு முயலைத் தலையில் தூக்கி வைக்காதே. சும்மா உட்கார்ந்திருப்பவனுக்கு வியர்க்குமா? தீவனம் தின்றாலே உடம்பில் சூடு பிறக்கும். பால் சுரந்தால் இன்னும் பிறக்கும். ரெண்டு குட்டி போட்டு, அரைவயிறு தின்றுவிட்டுச் சாந்தமாகக் கிடக்கிற முயல் வெயில் தாங்கி இல்லை, சோம்பேறி. ஏழு குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டே தட்டைக் காலி செய்துவிட்டு மூச்சையும் அடக்கி வைத்திருக்கிறதே, அதுதான் உனக்கு வேண்டியது. என் சாம்பல் அப்படிப்பட்டது. (மறுபடியும் வயிறு எரிகிறது.)

"இதெல்லாம் எழுதி என்ன ஆகும், குட்டிக்கு வருமா?" என்று கேட்பாய். வரும், ஆனால் எல்லாம் ஒரே அளவில் வராது. எடையேற்றத்தில் தாய் தகப்பனிடம் இருக்கிற மேன்மையில் கால் பங்கு அளவுக்கு ரத்தத்தில் இறங்கும் என்று வைத்துக்கொள். மே மாதத்தில் பிறந்த குட்டிகளின் சராசரியைவிட 200 கிராம் கூட வளர்ந்த ஆணையும் பெண்ணையும் சேர்த்தால், அடுத்த தலைமுறையில் சுமார் 50 கிராம் உன் பண்ணையில் தங்கும். குட்டி எண்ணிக்கையிலோ பத்தில் ஒரு பங்கு தங்கினாலே பெரிது. அதனால் ஒரே ஒரு ஈற்றில் ஒன்பது போட்டது என்று ஆடாதே. மூன்று நாலு ஈற்றைச் சேர்த்துப் பார். 50 கிராம்தானா என்று முகத்தைச் சுளிக்காதே. முயலின் சினைக்காலம் 31 நாள். ஆறு மாதத்தில் அடுத்த தலைமுறை சேர்க்கைக்குத் தயார். வருஷத்துக்கு ஒரு கோடை, கோடைக்கு ஒரு தலைமுறை என்று பொறுமையாகப் போனாலே, மாட்டில் உன் தாத்தா தொடங்கி உன் மகன் முடிக்க வேண்டிய வேலையை நீ ஒருவனே பத்து வருஷத்தில் பார்த்துவிடலாம்.

இது கனவு என்கிறாயா? எகிப்தைப் பார். சினாய் பாலைவனத்திலும் வடகடற்கரையிலும் நாடோடி அரபு மக்கள் வளர்த்த ஒரு முயல் உண்டு, ஜபலி என்று பெயர். எகிப்தியர் 'க' போட்டு கபலி என்பார்கள். மலையான் என்று அர்த்தம். ஐரோப்பிய முயலின் முன்னால் நிறுத்தினால் நம் நாட்டுக்கோழி மாதிரிதான் தெரியும். ஸ்பெயினில் வலென்சியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் 1980களிலிருந்து, பிரிக்கிற குட்டி எண்ணிக்கையை மட்டுமே குறி வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வந்த இன்னொரு வரிசை, வி வரிசை. எகிப்தியர்கள் என்ன செய்தார்கள்? ஸ்பெயின் முயல் வந்துவிட்டது என்று மலையானைக் கழித்துக் கட்டவில்லை. நம்ம முயல்தான் உசத்தி என்று வீம்பும் பிடிக்கவில்லை. சினாய் கபலியோடு வி வரிசையைச் சேர்த்து மொஷ்தொஹோர் என்ற வரிசையையும், உள்ளூர்ச் சிவப்பு பலாடியோடு வி வரிசையைச் சேர்த்து ஆப்ரி என்ற வரிசையையும் எடுத்தார்கள். சவூதிக்காரர்களும் தங்கள் ஊர் கபலியை வைத்து அதையே செய்தார்கள். வெயில் தாங்குவது ஒருவரிடம், நிறையக் குட்டி போடுவது இன்னொருவரிடம். இரண்டையும் ஒரே கூண்டில் கொண்டுவரப் பல தலைமுறை உட்கார்ந்து நோட்டு எழுதினார்கள். நைல் நதித் தண்ணீரால் நடந்த அதிசயம் இல்லை இது.

டெக்சாஸ் மாநிலத்தின் தெற்கே கிங்ஸ்வில் என்று ஒரு வெக்கையான ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் லூக்ஃபார் என்ற ஆய்வாளர் இன்னும் ஒரு படி தாண்டினார். உடம்பில் முடியே முளைக்காத முயல் எப்போதாவது பிறக்கும். அந்தக் குணத்துக்கு உரிய மரபணு தாய் தகப்பன் இரண்டு பேரிடமிருந்தும் வந்தால்தான் வெளியே தெரியும். பார்க்கச் சகிக்காது. வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே கழித்திருப்பார்கள். அவர் குழு அதை மெனக்கெட்டு வளர்த்து, முடியுள்ள குட்டிகளோடு வைத்து ஒப்பிட்டது. வெக்கையில் முடியில்லாத குட்டி நன்றாகத் தின்றது, நன்றாக வளர்ந்தது. அதிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தாய் முயல் குட்டி போடும் முன் தன் வயிற்று முடியைப் பிடுங்கித்தான் பெட்டியில் மெத்தை போடும். முடியில்லாதவள் எதைப் பிடுங்குவாள்? இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று இடிக்கும் தொழில் இது. உடனே கிளம்பி மொட்டை முயல் தேடாதே. அவலட்சணம் என்று உலகம் ஒதுக்கியதிலிருந்து ஒருவன் ஒரு குணத்தைப் பொறுக்கி எடுத்தானே, அந்தக் கண் உனக்கு வேண்டும்.

அந்தக் கண் நமக்குப் புதிதா? மேச்சேரி செம்மறியைத் தடவிப் பார். கம்பளி எங்கே? குட்டை முடிதான். கம்பளி ஆட்டைச் சேலத்து வெயிலில் கட்டிப் போட்டால் என்ன ஆகும் என்று நம் முன்னோருக்குத் தெரியும். கழுத்தில் முடியில்லாத நாட்டுக்கோழி வெயிலில் சுறுசுறுப்பாக மேய்வதைப் பாட்டி பார்த்திருக்கிறாள். காங்கயம் மாட்டை இன்றைக்கு நாம் பார்க்கிற வடிவத்துக்குக் கொண்டுவந்ததில் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்துப் பண்ணைக்குப் பெரும் பங்கு உண்டு. எந்தக் காளையை வைப்பது, எதைக் கழிப்பது என்று தலைமுறை தாண்டி முடிவெடுத்த கை அது. அந்த மண்ணில் பிறந்துவிட்டு, "நாமெல்லாம் இனவிருத்தி செய்ய முடியுமா சார்?" என்று கேட்கிறாயே, கூச்சமாக இல்லை?

இதைப் படிக்கிறவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் "காட்டு முயலோடு கலந்து விட்டால்?" என்று கேட்பார். கேட்க வேண்டாம். நம் புதரில் ஓடுவது வேறு சாதிப் பிராணி. அதன் குட்டி முடியோடும் திறந்த கண்ணோடும் பிறக்கும். பண்ணை முயலின் குட்டி மொட்டையாகக் கண் மூடிப் பிறக்கும். குரோமோசோம் எண்ணிக்கையே 48க்கு 44. கலக்காது. பிடித்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும்.

விதை முயல் வேண்டுமானால் கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் இருக்கிறது. ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் நிலையம் இருக்கிறது. வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா, நியூசிலாந்து வெள்ளை என்று அங்கெல்லாம் பல காலமாகப் பதிவேடு வைத்து வளர்க்கிறார்கள். நல்ல ரத்தம். ஆனால் அவை மே மாதத்திலும் போர்வை தேடுகிற ஊர்கள். அங்கே முதல் மார்க் வாங்கிய முயல் கரூரில் என்ன மார்க் வாங்கும் என்று கரூர் வெயில்தான் சொல்ல முடியும். அந்தப் பரீட்சையை உன் கொட்டகையில் நீ வைக்கிறாய். மலையில் இருக்கிற விஞ்ஞானியிடம் இல்லாத ஒன்று உன்னிடம் இருக்கிறது தம்பி, 40 டிகிரி!

பன்னிரண்டு கூண்டை வைத்துக்கொண்டு தனியாக ஆடினால் இரண்டே வருஷத்தில் அண்ணன் தங்கையைச் சேர்க்கிற நிலைமை வந்துவிடும், குட்டி நோஞ்சானாகும். அதனால் நாலு பேரைப் பிடி. நாலு பண்ணையும் ஒரே மாதிரி நோட்டு எழுதட்டும். உன் பண்ணையில் தேறிய ஆண் இரண்டாமவருக்குப் போகட்டும், அவருடையது மூன்றாமவருக்கு, மூன்றாமவருடையது நாலாமவருக்கு, நாலாமவருடையது உனக்கு. பெண் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். காசு கைமாற வேண்டியதில்லை. கைமாற வேண்டியது நம்பிக்கைதான். நம் ஊரில் அதற்குத்தான் பஞ்சம் என்பதும் எனக்குத் தெரியும். முதல் ஆளாக உன் நோட்டைத் திறந்து காட்டு, செத்த கணக்கையும் சேர்த்து.

வெயில் தாங்குவதைத் தேர்ந்தெடுக்கிறேன் பேர்வழி என்று எல்லாவற்றையும் காய வைத்துக் கொன்றுவிடாதே. அது கொடுமை, அதோடு முட்டாள்தனம். ஓலை போடு. தீவனத்தை ராத்திரிக்கு மாற்று. விடியுமுன் சேர்த்து விடு. ஆண் முயலுக்குக் கொட்டகையிலேயே குளிர்ந்த மூலையைக் கொடு. பெட்டியில் தாய் அளவுக்கு மீறி முடி போட்டிருந்தால் கோடையில் பாதியை எடுத்துவிடு, குட்டி வெந்து போகும். டுனீசியாவில் கூண்டோடு சேர்த்து மண்ணுக்குள் குழியறை கட்டி வைக்கிறார்கள். முயலின் பாட்டன் பூட்டன் எல்லாம் வளை தோண்டி வாழ்ந்தவர்கள்தானே. தாய்களுக்கெல்லாம் ஒரே நிழல், ஒரே தண்ணீர், ஒரே தீவனம் கொடுத்துவிட்டு, அப்புறமும் எது முந்துகிறது என்று பார். ஒன்றுக்கு ஃபேன், இன்னொன்றுக்குத் தகரம் என்று வைத்து எழுதிய நோட்டு, கூரையின் சாதகத்தைத்தான் சொல்லும்.

கழிக்க வேண்டியதைக் கழிக்கத் துணிச்சல் வேண்டும். மகள் பெயர் வைத்துக் கொஞ்சிய வெள்ளையை நோட்டு கைகாட்டும். அப்போது கை நடுங்கும், நடுங்கட்டும். ஆனால் நோட்டு சொன்னதை மாற்றி எழுதாதே.

தகரத்தை நான் மறு வருஷமே பிரித்துவிட்டேன். இப்போது ஓலைக்குக் கீழே பதினெட்டு கூண்டு. மூன்று கோடை எழுதியாகிவிட்டது. சாம்பலின் ரத்தம் எனக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. அதன் குட்டிகளையும் அன்றைக்கே கொடுத்துத் தொலைத்திருந்தேன். ஆனால் 14ஆம் கூண்டில் ஒரு பழுப்புத் தாய் இருக்கிறது. போன மே மாதத்தில் முதல் சேர்க்கையிலேயே சினை பிடித்து, ஆறு போட்டு, ஆறையும் பிரித்துக் கொடுத்தது. மதிய மூச்சு வரிசையிலேயே குறைவு. அதன் மகள் ஒன்று நாலாம் பண்ணையிலிருந்து வந்த ஆணோடு சேர்ந்து 31 நாள் இன்றைக்கு. நேற்று ராத்திரியே முடி பிடுங்கத் தொடங்கிவிட்டாள். மணி இரண்டே கால் ஆகிறது, வெளியே அனல். நோட்டைக் காணோம், சின்னவன் ஏதோ கணக்குப் போட எடுத்துப் போயிருக்கிறான். டேய், அதைக் கொண்டு வாடா.